பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை

அக்கா மகள் இந்த வருஷம் மதுரையில் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்தாள். சேர்ந்த மூன்றாம் நாள் காலை பதினொன்று பத்துக்கு அவளிடமிருந்து ஃபோன். வகுப்பில் இருக்க வேண்டிய நேரம். எனக்குப் பகீரென்றது. அலுவலகத்தில் எழுந்து மாடிப்படிப் பக்கம் ஓடிப்போய் எடுத்தேன்.

“சித்தி, கிளாஸ் முடிஞ்சிருச்சு. அடுத்தது ஒன்றரைக்குத்தானாம். நடுவுல நான் எங்க போறது?”

“இப்ப எங்க நிக்கிற?”

“தண்ணி டேங்க் பக்கத்துல. மூணு தடவ தண்ணி குடிச்சிட்டேன்.”

சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற கேள்வி இல்லை அது. முதல் நாள் ‘ஓரியண்டேஷன்’ என்று ஆடிட்டோரியத்தில் ரெண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பேசியிருக்கிறார்கள். துப்பட்டாவை எப்படிப் போட வேண்டும், 75 சதவீத வருகைப்பதிவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள், இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75, ராகிங் செய்தால் என்ன தண்டனை, வங்கிக் கணக்கில் ஆதாரை இணைத்தாயா என்று ஒன்று விடாமல் சொன்னார்கள். வகுப்பு இல்லாத நேரத்தில் ஒரு பிள்ளை எங்கே போய் உட்காருவது என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கும் யாரும் சொன்னதில்லை. பதினாறு வருஷமாகியும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. “அங்கிட்டுப் பக்கத்துல மரம் கிரம் இருக்கா பாரு, நான் சாயங்காலம் கூப்பிடுறேன்” என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குச் சோழவந்தான் பக்கம். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால் வேலை. கொடிக்காலில் அகத்தி மரம் வரிசையாக நிற்கும், அதில் கொடியை ஏற்றிக் கட்டியிருப்பார்கள். வெளியில் எவ்வளவு வெயிலடித்தாலும் உள்ளே நுழைந்தால் ஈரமும் இருட்டுமாக, காலடியில் வாய்க்கால் தண்ணீர் சிலுசிலுவென்று இருக்கும். விடியும் முன்பே வெற்றிலையைக் கிள்ளி, அடுக்கி, வாழைச் சருகில் சுற்றி மதுரைக்கு அனுப்பியாக வேண்டும். வெற்றிலை ஒரு நாளில் இருந்த மாதிரி மறுநாள் இருக்காது. அதனால் எங்கள் வீட்டில் ‘சும்மா இருக்கிற நேரம்’ என்று ஒன்றைப் பார்த்ததே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் அம்மா, “மேலுக்கு முடியலையாடி?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கும்.

பள்ளியும் அப்படித்தான். மணி அடித்தால் பிரேயர், மணி அடித்தால் தமிழ், மணி அடித்தால் ஒன்றுக்கு. டிரில் பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்வார். பாட்டு பீரியடை அறிவியல் டீச்சர் எடுத்துக்கொள்வார். பிளஸ் டூ வருஷம் சனிக்கிழமையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு மணி நேரத்தைக்கூட யாரும் என் கையில் கொடுத்து, இந்தா வைத்துக்கொள் என்று சொன்னதில்லை.

அப்படி இருந்தவள் 2009 ஜூன் கடைசியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம், வைகைக்கு வடக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்குப் படிக்க வருவது ஊருக்கொன்றும் புதிதில்லை. பசுமலையில் அமெரிக்கன் கல்லூரி தொடங்கியது 1881இல். பெண்களுக்கென்று லேடி டோக் கல்லூரி 1948இல் வந்தது, பாத்திமா கல்லூரி 1953இல், மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி 1965இல். லேடி டோக் வந்தபோது எங்கள் அப்பத்தா குமரிப் பெண். எங்கள் ஊரிலிருந்து மதுரை 25 கிலோமீட்டர்கூட இருக்காது. அந்தத் தூரத்தைக் கடந்து ஒரு பொம்பளைப் பிள்ளை காலேஜுக்குப் போக எங்கள் வீட்டுக்கு 61 வருஷம் ஆனது. அக்காதான் போயிருக்க வேண்டும். பிளஸ் டூவில் என்னைவிட அவளுக்கு மார்க் அதிகம். 2006இல் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். நான் சேர்ந்தபோது அவள் மகளுக்கு, அதாவது தண்ணி டேங்க் பக்கத்தில் நின்று ஃபோன் செய்தாளே அவளுக்கு, ஒன்றரை வயசு.

சேர்ந்த மறுநாள் டைம்டேபிளை போர்டில் ஒட்டினார்கள். முண்டியடித்துக்கொண்டு போய் எழுதினோம். ஆறு நாள், நாளுக்கு ஐந்து கட்டம். பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம், மேஜர், அலைடு. வாரத்தில் எட்டோ ஒன்பதோ கட்டம் வெறுமையாக இருந்தது. மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, அப்புறம் நிரப்புவார்கள் என்று நானும் கட்டத்தை அப்படியே வெறுமையாக வரைந்துகொண்டு வந்தேன். பிறகுதான் தெரிந்தது, அலைடு பாடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. ஆகஸ்டில் போடுவார்களாம். அதுவரை அந்தக் கட்டங்கள் எங்களுக்கு. சீனியர் ஒருத்தி விளக்கினாள்: “அதுக்குப் பேரு ஃப்ரீ ஹவர்.” சொல்லிவிட்டு ஒரு பாட்டுப் பாடச் சொன்னாள், பாடினேன். ராகிங் என்று எனக்கு நடந்ததெல்லாம் அவ்வளவுதான்.

அந்த ஃப்ரீ ஹவரை முதல் பத்து நாள் எப்படிக் கழித்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நடந்தேன். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, எங்கோ அவசரமாகப் போகிறவள் மாதிரி. மெயின் பிளாக்கிலிருந்து கெமிஸ்ட்ரி பிளாக், அங்கிருந்து கேன்டீன் பின்பக்கம், அங்கிருந்து அலுவலக ஜன்னல். ஜன்னலில் போய் நோட்டீஸ் படிக்கிற மாதிரி நிற்பேன். ஸ்காலர்ஷிப் நோட்டீஸ், தொலைந்துபோன ஐடி கார்டு பற்றிய நோட்டீஸ், முந்தின வருஷத்து பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு அறிவிப்பு, எல்லாம் எனக்கு மனப்பாடம். திரும்பி அதே வழியில் வந்தால் யாராவது கவனித்துவிடுவார்களோ என்று வேறு வழியில் சுற்றி வருவேன். நின்றால்தானே, “நீ யாரு, எந்த டிபார்ட்மென்ட், இங்க என்ன பண்ற?” என்று கேட்பார்கள்? நடக்கிறவளை யாரும் கேட்பதில்லை. நூலகம் இருந்தது. ஆனால் ஐடி கார்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், முதல் வருஷத்துக்கு ஐடி கார்டு வர செப்டம்பர் ஆகும். பஸ் பாஸும் அப்படித்தான் மெதுவாக வந்தது. அதுவரை தினமும் டிக்கெட்டுக்குக் காசு கேட்கும்போது அப்பா மடியை அவிழ்க்கிறதைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்ப்பேன்.

வகுப்பு நடக்கிற நேரம் இதைவிட மோசம். தமிழ் மீடியம். பிளஸ் டூவில் கணிதத்தில் இருநூற்றுக்கு நூற்று எண்பத்தாறு. மேடம் உள்ளே வந்து, ஒரு ஃபங்ஷன் எப்போது கன்டினியூவஸ் ஆகும் என்று ஆரம்பித்தார். எங்கள் ஊரில் ஃபங்ஷன் என்றால் காதுகுத்து. மண்டபம், மைக்செட், மொய் நோட்டு. அது தொடர்ந்து நடந்தால் வீடு தாங்காது. பக்கத்தில் இருந்தவள் நோட்டை எட்டிப் பார்த்தேன், அவளும் என் நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்டில் எஃப் ஆஃப் எக்ஸ் என்று எழுதிய பிறகுதான், அட, இது நம்ம சார்பு! லிமிட் என்றது நம்ம எல்லை. டிடர்மினன்ட் நம்ம அணிக்கோவை. மேட்ரிக்ஸ் நம்ம அணி. குரூப் என்றால் ஃபர்ஸ்ட் குரூப், தேர்ட் குரூப் என்று நினைத்தது, குலம். எல்லாரும் தெரிந்த ஆட்கள்தான், வேறு வேஷம் போட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கணக்கு தெரியாமல் போகவில்லை எனக்கு. அதன் பேர் தெரியாமல் முழித்தேன். இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பதை வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. முதல் இன்டர்னலில் என் மார்க்கைச் சொல்ல இப்போதும் கூச்சம்.

என் நோட்டைப் பார்த்தவள் மேலூர்க்காரி. அவளும் தமிழ் மீடியம். அவள்தான் ஒருநாள் கெமிஸ்ட்ரி பிளாக் திருப்பத்தில் எதிரே வந்தாள். ஃபைலை அணைத்துக்கொண்டு, அவசரமாக. கால் மணி நேரம் கழித்து அலுவலக ஜன்னலிலும் இருந்தாள். ரெண்டு பேரும் தொலைந்துபோன ஐடி கார்டு நோட்டீஸைப் படித்தோம்.

“நீயும் சும்மாதான் நடக்கிறியா?” என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்குக் காலேஜ் ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும்.

அப்புறம் நாலு பேரானோம். உசிலம்பட்டிக்காரி ஒருத்தி, கீழவாசலில் சௌராஷ்டிர வீட்டுப் பெண் ஒருத்தி. அவள் ஒருத்திதான் உள்ளூர். நாங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம், இன்றைக்கும் என் ஃபோனில் அவர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் என்னுடையதில் வாரத்துக்கு நாலு நாள் அகத்திக்கீரை. கொடிக்காலில் சும்மா கிடைக்கிற கீரை அதுதான். கசக்கும். முதல் நாள் மூடியைக் கையால் மறைத்துக்கொண்டே தின்றேன். கீழவாசல்காரி மூடியை நகர்த்தி ஒரு வாய் எடுத்துப் போட்டுவிட்டு, “எங்க வீட்ல இத ஏகாதசிக்கு மறுநாள்தான் பண்ணுவாங்க, உங்க வீட்ல தெனமும் துவாதசியாடி?” என்று கேட்டாள். அவள் புளியோதரையில் பாதி என் டப்பாவுக்கு வந்தது. விடுதியில் தங்கிப் படித்தவர்களின் கதை தனி. எங்களைப் போல் ஊரிலிருந்து வந்துபோகிற பிள்ளைகளுக்கு அந்தச் சாப்பாட்டு வட்டம்தான் வீடு, விடுதி எல்லாம்.

கீழவாசல்காரிதான் எங்களை வெளியே கூட்டிப்போனது. பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை இடைவெளி இருக்கிற நாட்களில் கோரிப்பாளையம் வழியாக ஏ.வி. பாலத்தில் ஏறுவோம். 1880களில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய பாலம். ஆடி மாசத்துக் காற்று துப்பட்டாவைப் பிடுங்கும். கீழே வைகையில் தண்ணீர் இருக்காது, எருமை இருக்கும், காயப்போட்ட வேட்டி சேலை இருக்கும். எங்கள் ஊரைத் தாண்டித்தான் அதே ஆறு வருகிறது. அங்கே வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து நெல்லும் வெற்றிலையுமாக ஆகிவிட்டு, இங்கே வரும்போது வெறும் கையோடு வந்து நிற்கிறது. யானைக்கல் இறக்கத்தில் வாழைப்பழ வாசனை. சிம்மக்கல், அங்கிருந்து வடக்கு மாசி வீதி, மொட்டைக் கோபுரம். உள்ளே போய்ப் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்காருவோம். சங்கப் பலகை கிடந்து, புலவர்களை ஏற்றியும் தள்ளியும் விட்டதாகச் சொல்கிற குளம். நாங்கள் அங்கே பேசியது பெரும்பாலும் இங்கிலீஷ் மேடம் கட்டிய சேலை பற்றி. பன்னிரண்டரைக்கு நடை சாத்துவதால் விரட்டிவிடுவார்கள், ஒன்றரைக்குள் திரும்பிவிடலாம். கோயிலே எங்களுக்கு மணி அடித்துக் கொடுத்தது. மாசக் கடைசியில் காசு தேறினால் விளக்குத்தூண் பக்கம் போய் நாலு பேருக்கு ரெண்டு ஜிகர்தண்டா.

வெயில் கொளுத்துகிற நாளில் அவ்வளவு தூரம் போகமாட்டோம். தமுக்கத்தை ஒட்டி ராணி மங்கம்மாள் அரண்மனையில் காந்தி மியூசியம் இருக்கிறதே, அங்கே. காசு கேட்கமாட்டார்கள், மரநிழல் உண்டு, யாரும் யாரென்று கேட்பதில்லை. ரத்தக்கறை படிந்த காந்தியின் துணியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். முதல் தடவை அதன் முன்னால் நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை. 1921 செப்டம்பர் 22 அன்று மேல மாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் காந்தி மேல்சட்டையை விட்டுவிட்டு முழங்கால் வேட்டிக்கு மாறினார் என்று எழுதியிருந்ததை உசிலம்பட்டிக்காரி உரக்கப் படித்தாள். அவளும் மதுரைக்கு வந்துதான் பாவாடை தாவணியிலிருந்து சுடிதாருக்கு மாறியவள். ரெண்டே செட், திங்கள் புதன் வெள்ளி ஒன்று, செவ்வாய் வியாழன் சனி ஒன்று. “மதுரைக்கு வந்தா காந்தியே டிரஸ்ஸ மாத்திருக்காரு, எங்க அம்மா என்னயப் போட்டு வையிது” என்றாள். மியூசியத்தில் சிரிக்கக்கூடாது என்று அன்றைக்கு ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஆகஸ்ட் முதல் வாரத்தில் மாட்டிக்கொண்டோம். அலைடு இயற்பியலுக்கு அன்று காலையில்தான் ஒருவர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். வந்த சுறுசுறுப்பில் பன்னிரண்டு மணிக்கே வகுப்பை வைத்துவிட்டார். வகுப்பில் அறுபது பேரில் நாலு காலி இடம். நாங்கள் ஒன்று இருபத்தைந்துக்கு நெற்றியில் குங்குமத்தோடு வந்து நிற்கிறோம். குங்குமத்தைப் பார்த்தால் எங்கே போனோம் என்று கேட்கவே வேண்டியதில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார்.

அன்று பஸ்ஸில் துவரிமான் வரை அழுதேன். துவரிமானில் உட்கார இடம் கிடைத்தது, மேலக்கால் வரை தூங்கினேன். அழுகையும் தூக்கமும் சேர்ந்தே வரும் போலிருக்கிறது. வீட்டில் சொன்னதும் அம்மா, “அக்காளுக்குச் செஞ்ச மாதிரியே செஞ்சிருக்கணும்” என்றது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலை கொடிக்காலில் நல்ல கொழுந்து வெற்றிலையாகப் பார்த்துக் கிள்ளி, ஒரு கட்டுக் கட்டி, மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, கையில் வாழைச் சருகுப் பொட்டலம். துறை வாசலில் செருப்பைக் கழற்றினார். “இங்க கழட்ட வேணாம்ப்பா” என்றேன். கழற்றியதைத் திரும்பப் போட அவருக்குத் தோன்றவில்லை.

துறைத் தலைவர் அம்மா, “உக்காருங்க ஐயா” என்றார். அப்பா உட்காரவில்லை. பொட்டலத்தை மேசையில் இருந்த விடைத்தாள் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஈரம் படும் என்று நான் பதறினேன்.

“என்னங்க ஐயா இது?”

“நம்ம கொடிக்கால் வெத்தலம்மா.”

அந்த அம்மா பிரித்துப் பார்த்தார். அறை முழுக்க வெற்றிலை வாசனை. பக்கத்து மேசையிலிருந்த இன்னொரு மேடம், “பாக்கு இல்லீங்களா?” என்று கேட்டார். கிண்டலா நிஜமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அப்பா நிஜமாகவே எடுத்துக்கொண்டு, “பாக்கு நம்ம பக்கம் வெளையாதும்மா” என்றார்.

அப்புறம் வருகைப்பதிவு, பொம்பளைப் பிள்ளைகள், ஊரிலிருந்து நம்பி அனுப்புகிறீர்கள் என்று துறைத் தலைவர் நிறையப் பேசினார். எல்லாம் சரியான பேச்சுதான். அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். பேசி முடித்த பிறகு, கையைக் கட்டிக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தப்புத்தாம்மா. கோயிலுக்குப் போயிருக்கக் கூடாது. ஆனா கிளாசு இல்லாத நேரத்துல பிள்ளைய எங்கம்மா உக்காரச் சொல்றீங்க?”

அதில் கோபம் இல்லை, எதிர்வாதம் இல்லை. வேலைக்கு வந்த ஆளுக்கு எங்கே நிழல் என்று கேட்கிற மாதிரி கேட்டார். துறைத் தலைவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, “லைப்ரரி இருக்குல்ல?” என்று என்னைப் பார்த்தார்.

“ஐடி கார்டு வரல மேடம். உள்ள விடமாட்டாங்க.”

“அது செப்டம்பர்லதானே வரும்” என்று பாக்கு கேட்ட மேடமே எடுத்துக்கொடுத்தார்.

துறைத் தலைவர் மேசையில் கிடந்த ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கத்தைக் கிழித்து ரெண்டு வரி எழுதினார். முதலாம் ஆண்டு மாணவிகளை அடையாள அட்டை வரும் வரை அனுமதிக்கவும். கையெழுத்து, கீழே துறை முத்திரை. என் பெயரை எழுதவில்லை, மாணவிகளை என்று எழுதினார். அந்தச் சீட்டு எங்கள் வகுப்பில் அறுபது பேர் கையிலும் மாறி மாறிப் போய், மடிப்பெல்லாம் நைந்து, செல்லோடேப் ஒட்டி, செப்டம்பர் வரை ஓடியது. அப்பா வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, “சரி, நான் கெளம்புறேன்” என்றார். வெற்றிலை என்ன ஆனது என்று சாயங்காலம் கேட்டார். எல்லா மேடமும் பங்கு பிரித்து வீட்டுக்கு எடுத்துப்போனதாகச் சொன்னேன். அதில் அவருக்கு அவ்வளவு திருப்தி. 2023இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். “அதனால வெல ஏறுமா?” என்றார். எனக்குத் தெரியவில்லை என்றதும் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நூலகத்தில் நீளமான ஒரு மேசை. மேலே ஒரு ஃபேன், சுற்றும்போது டக்கு டக்கென்று சத்தம் வரும். அங்கேதான் மேலூர்க்காரியும் நானும் ஒரு நாற்பது பக்க நோட்டில் நடுவே கோடு போட்டோம். இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் தமிழ். ஃபங்ஷன் சார்பு, லிமிட் எல்லை, டிஃபரன்ஷியேஷன் வகையிடல், இன்டக்ரேஷன் தொகையிடல். பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் புத்தகத்தையும் கல்லூரிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படத்தைப் பார்த்துப் படத்தோடு பொருத்தி எழுதியது. மாப்பிள்ளை வீட்டாரையும் பெண் வீட்டாரையும் உட்கார வைத்து இன்னார் இன்னார் என்று அறிமுகம் செய்கிற மாதிரி இருக்கும். தீபாவளிக்குள் முன்னூறு சொல் சேர்ந்தது. அப்புறம் அந்த நோட்டை வகுப்பில் ஜெராக்ஸ் எடுத்தார்கள். எங்களுக்கு அடுத்த வருஷத்துப் பிள்ளைகளும் எடுத்ததாகக் கேள்வி. அசல் என்னிடம் இருக்கிறது. நாலாம் பக்கத்தில் அக்கா மகள் சிவப்புப் பேனாவில் கிறுக்கியிருக்கிறாள்.

அதற்காகக் கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். குங்குமத்தை மட்டும் துடைத்துவிட்டு வந்தோம்.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டேன். மரம் கிடைத்ததா என்றால், கிடைத்ததாம். அதன் கீழே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் இருந்தார்களாம், எல்லாரும் குனிந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இவளும் ஓரமாக உட்கார்ந்து ஃபோனைப் பார்த்திருக்கிறாள். “ரெண்டு மணி நேரம் ரீல்ஸ் பாத்தேன் சித்தி, தலைவலிக்குது.” நான் ஃபைலை அணைத்துக்கொண்டு நடந்ததை இவள் உட்கார்ந்த இடத்திலேயே செய்கிறாள். எனக்கு அப்படித்தான் பட்டது. அவள் காலத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 2009இல் என் கையில் அந்த ஃபோன் இருந்திருந்தால் நானும் மேலூர்க்காரியும் ஒரே மரத்தடியில் மூணு வருஷம் உட்கார்ந்திருப்போம், பேசியிருக்கமாட்டோம்.

மற்றபடி அவளுக்கு வழி எவ்வளவோ லேசாகியிருக்கிறது. 2021 மேயிலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. டிக்கெட் காசுக்காக அவள் அப்பா மடியை அவிழ்ப்பதை இவள் பார்க்க வேண்டியதில்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். பணம் வருகிறது என்றதும், அதை என்ன செய்வது என்று அக்கா வீட்டில் ஒரு பஞ்சாயத்து. ஏடிஎம் கார்டை யார் வைத்துக்கொள்வது என்று அவள் அப்பா கேட்டபோது அக்கா சொன்னாளாம்: “அது அவ காசு. அவகிட்டதான் இருக்கும்.” பிளஸ் டூவில் என்னைவிட அதிக மார்க் வாங்கியவள் சொன்ன சொல். எனக்குக் கேட்டதும் தொண்டை அடைத்தது.

அடுத்த சனிக்கிழமை அவளை நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். 2023 ஜூலை 15இல் திறந்தது. தரைத்தளத்துக்கு மேல் ஆறு மாடி. எல்லா மாடியும் ஏசி. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்து தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார்கள், ரெண்டு பேர் தலையைக் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கள் டக்கு டக்கு ஃபேன் ஞாபகம் வந்தது. அவள் லிஃப்டில் மேலும் கீழும் போய்வந்தாள். நல்லாத்தான் இருக்கு என்றாள். கிளம்பும்போது, “ஆனா இங்க பேசக்கூடாதே சித்தி” என்றாள்.

அது நியாயம்தான். அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு நூலகத்துக்குள் போனபோது என்னோடு மேலூர்க்காரி இருந்தாள். தனியாகப் போயிருந்தால் நோட்டில் கோடு போட்டிருப்பேனா, தெரியாது. அந்தக் கதையை அவளிடம் சொன்னேன், ஃபைல், ஜன்னல், நோட்டீஸ் எல்லாம். பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தாள். சொல் நோட்டையும் வீட்டில் எடுத்துக் காட்டினேன். ரெண்டு பக்கம் புரட்டிவிட்டு, நாலாம் பக்கத்தில் தன் கிறுக்கலை மட்டும் ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டாள். பி.காம். பிள்ளைக்கு அணிக்கோவை எதற்கு?

அப்புறம் மூணு வாரம் அவளிடமிருந்து ஃபோனே இல்லை. முதல் வாரம் நிம்மதியாக இருந்தது, ரெண்டாம் வாரம் கொஞ்சம் கோபமாக இருந்தது. நேற்று வேண்டுமென்றே பதினொன்று இருபதுக்கு நானே கூப்பிட்டேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். யாரோ தட்டில் தாளம் போடுகிறார்கள், யாரோ ஒருத்தி, “ஏய் திருமங்கலம், உன் ஊறுகாயக் குடுடி” என்று கத்துகிறாள்.

“சித்தி, அப்புறமாப் பேசுறேன். இப்ப ஃப்ரீ ஹவர்!”

வைத்துவிட்டாள்.